வீட்டிலேயே ரீபில்ட் கேலிப்பர் மாற்றுவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. 2003 மாடல் மாருதி ஜென் கார் ஒன்று வைத்திருக்கிறேன், அதன் பிரேக் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். இது தெரிந்த நாள் முதல் தெருவிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் ஒரே மாதிரி சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மதுரையில் பதினைந்து வருடம் தாண்டிய கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன, முன்சக்கர கேலிப்பர் அவற்றில் பலவற்றுக்கும் தலைவலியாக இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், கேலிப்பருக்கு ஒரே பிஸ்டன் என்ற அமைப்புள்ள சின்னக் கார்களை மனதில் வைத்துத்தான் பதில்கள். வேறு அமைப்பு என்றால் அந்த இடத்தில் சொல்கிறேன்.

கேலிப்பர்னா என்னண்ணே? பேடு தெரியும், டிஸ்க் தெரியும், நடுவுல இது என்ன வேலை பார்க்குது?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வி நிற்கும் வார்ப்பிரும்புக் கூடுதான் கேலிப்பர். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் அழுத்தத்தோடு வந்து கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது. அதே விசையில் கேலிப்பர் தன் பின்களின் (அது சறுக்கி நகரும் இரும்புக் கம்பிகள், pin) மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்துகிறது.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் சீல் இருக்கிறது. அழுத்தம் வரும்போது அது லேசாக வளைந்து கொடுக்கும், அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதோடு பிஸ்டனும் மயிரிழை அளவு பின்வாங்கும். சக்கரம் உரசாமல் சுற்றுவதே அந்த மயிரிழையால்தான். சீல் இறுகிப்போனாலோ, பிஸ்டனில் துரு ஏறினாலோ, பின் ஜாம் ஆனாலோ அந்த இடைவெளி போய்விடும். அப்புறம் பிரேக் பிடித்தபடியேதான் வண்டி ஓடும்.

ரீபில்ட்னு சொல்றது பழசுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தர்றதுதானே?

சில இடங்களில் அப்படித்தான். ஒழுங்காகச் செய்தால் அது வேறு. பழைய கேலிப்பரை முழுவதும் பிரித்து, பிஸ்டன் இருந்த குழியைச் சுத்தம் செய்து, சீலும் டஸ்ட் கவரும் புதிதாகப் போட்டு, பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் பிஸ்டனையே மாற்றி, பின்களின் ரப்பரும் நிப்பிளும் (உள்ளே மாட்டிய காற்றையும் ஆயிலையும் வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு) புதிது போட்டு, கடைசியில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புக் கூடு லேசில் கெடாது. கெடுவது ரப்பரும் பிஸ்டனும்தான். அதனால் ரீபில்ட் என்பதே ஏமாற்று என்று ஒதுக்கத் தேவையில்லை.

பளபளப்பு எதற்கும் சான்று ஆகாது. பெயிண்ட் நிப்பிள் மேலும் பின் மேலும் வழிந்து கிடந்தால், பிரிக்காமலே அடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்போ புதுசே வாங்கிட்டா நிம்மதி இல்லையா?

கிடைத்தால், பணமும் இருந்தால், வாங்குங்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கு நல்ல கம்பெனியின் புதுக் கேலிப்பர் எப்போதும் கிடைக்காது. கம்பெனி பெயரே இல்லாத புது கேலிப்பரா, தெரிந்தவர் கையால் பிரித்துச் சேர்த்த கம்பெனி கேலிப்பரா என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சக்கரம் கொதிக்குது, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. கேலிப்பர்தானே போச்சு?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கேலிப்பரைக் கழற்றி மாட்டுவது ஒரு மதிய வேலை. எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் மாட்டினால், அடுத்த வாரமே புதுக் கேலிப்பரோடு அதே சக்கரம் கொதிக்கும்.

முதலில் இழுக்கும் திசை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால், இடது பக்கம் கூடுதலாகப் பிடிக்கிறது, அல்லது வலது பக்கம் பிடிக்கவே இல்லை. பிரேக்கைத் தொடாதபோதும் இழுத்தால் அந்தப் பக்கம் பிடித்தே கிடக்கலாம். டயர் காற்றும் வீல் அலைன்மெண்டும் இதே வேலையைக் காட்டும் என்பதால் காற்றை முதலில் பாருங்கள். கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் ரிம்மிலும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்தால் எந்தப் பக்கம் அதிகம் கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். டிஸ்க்கில் ஊற்ற வேண்டாம். சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

பிடிக்கும் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (எப்படி என்பது கீழே வருகிறது), ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லுங்கள். விட்ட பிறகும் சக்கரம் கையால் சுற்ற வரவில்லை என்றால் கேலிப்பரின் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் கேலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி ஒருவழிப் பாதை போல ஆகியிருக்கும்: மிதிக்கும்போது ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது. மாஸ்டர் சிலிண்டரும் அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கலாம், ஆனால் அப்போது சாதாரணமாக ஒரு சக்கரம் மட்டும் பிடிக்காது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால்தான் பிஸ்டனோ பின்னோ ஜாம் ஆகியிருக்கிறது. பின் மட்டும் ஜாம் என்றால் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே போதும், கேலிப்பர் செலவே இல்லை. உள்பக்கப் பேடு ஒரு மாதிரியும் வெளிப்பக்கப் பேடு ஒரு மாதிரியும் தேய்ந்திருப்பது பின் ஜாமுக்கான நல்ல அடையாளம்.

ஒரு பக்கம் மட்டும்தான் கெட்டிருக்கு. அதை மட்டும் மாத்தினா போதாதா?

பேடு, டிஸ்க், ஹோஸ் மூன்றையும் எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். கேலிப்பரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மறுபக்கம் பிஸ்டன் எளிதாக உள்ளே போகிறது, டஸ்ட் கவர் கிழியவில்லை, பின் சரளமாக நகர்கிறது என்றால் ஒன்று போதும். ஆனால் இரண்டும் ஒரே வயது, ஒரே ரோட்டில் ஓடியவை. ஒன்று போனால் மற்றதும் கிட்டத்தில்தான் இருக்கும். வண்டி ஏற்கெனவே பிரிந்து கிடக்கும்போது இரண்டையும் முடித்துவிடுவதுதான் என் வழக்கம்.

கடையில வாங்கும்போது எதை எதைப் பார்த்து வாங்கணும்?

பழைய கேலிப்பரைக் கையோடு எடுத்துப் போக முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பிஸ்டன் விட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே பெயருள்ள காரிலேயே வருடத்துக்கு வருடம் கேலிப்பர் மாறியிருக்கலாம். ஒரு பக்கம் பெரிய பிஸ்டன், மறுபக்கம் சின்னது என்று மாட்டினால் வண்டி ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

இடது, வலது கவனம். வண்டியில் எப்படி உட்காருமோ அப்படிக் கையில் பிடித்துப் பாருங்கள். நிப்பிள் மேல் பக்கம் வர வேண்டும். பல கேலிப்பர்கள் மாறி மாட்டினாலும் அழகாக உட்கார்ந்துகொள்ளும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். அப்புறம் ஏர் வெளியே வராது. இதன் விளைவு பின்னால் ஒரு கேள்வியாகவே வருகிறது.

டஸ்ட் கவர் சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, பின்களைக் கையால் இழுத்தால் வருகின்றனவா, ஹோஸ் மாட்டும் துளையில் மரை சுத்தமாக இருக்கிறதா, துளை மூடி போட்டு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் ஹோஸ் போல்ட்டைக் கையாலேயே திருகிப் பார்த்துவிடுங்கள். கையால் போகாத போல்ட் ஸ்பேனரால் போனால் மரை காலி.

வீட்டு வாசல் மண் தரை. வண்டியோட வந்த ஜாக்கி போட்டா போதுமா?

போதாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு இல்லை. பாரம் ஏறும்போது ஒரு நொடியில் நொறுங்கும்.

மண் தரையென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை போடுங்கள். மழை பெய்து ஊறிய தரையில் பலகையும் உதவாது, வேறு நாள் பாருங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கியரில் வண்டி (சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது மட்டும் நியூட்ரல்), கை பிரேக் இழுத்த நிலை. கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்தில் அடியில் படுக்க வைத்துவிடுங்கள். எல்லாம் நழுவினாலும் வண்டி அதன் மேல் விழும். சந்துக்குள் வீடு என்றால் போகிற வருகிற டூவீலர் உரசாத இடமாகப் பாருங்கள்.

என்ன சாமான் தயாரா வச்சுக்கணும்?

ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும். 12, 14, 17 அளவுகள் பெரும்பாலும் வேண்டிவரும், வண்டிக்கு வண்டி மாறும். நிப்பிளுக்கு 8 அல்லது 10 ரிங் ஸ்பேனர். ஓப்பன் ஸ்பேனரால் நிப்பிளைத் திருகினால் தலை வழுக்கும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், புதுக் காப்பர் வாஷர்கள், சிலிக்கான் கிரீஸ், மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய ஒளி ஊடுருவும் டியூப், காலி பாட்டில், சீல் உடையாத பிரேக் ஆயில், கேலிப்பரைத் தொங்கவிட ஒரு துண்டு கட்டுக்கம்பி.

கீழே பழைய சாக்கு விரியுங்கள். பிரேக் ஆயில் காரின் பெயிண்டைத் தின்றுவிடும். கோலம் போடுகிற வாசலில் சிந்தினாலும் வீட்டில் பேச்சு வாங்க நேரும். பெயிண்டில் சிந்தினால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சரி, எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறது?

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பர் வெளியே தெரியும்படி ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வண்டியில் வேலை தொடங்கும் முன் நிப்பிள் திறக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. பேடுத் தூசியை ஊதக் கூடாது, பழைய பேடுகளில் கல்நார் இருந்திருக்கலாம். தண்ணீரோ கிளீனரோ தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

கேலிப்பர் இறுகி நிற்கும்போதே ஹோஸ் போல்ட்டை ஒரு பொடி தளர்த்திவிட்டு மறுபடி லேசாக இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேலிப்பர் தொங்கும்போது அந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்டுவது கொடுமை. அடுத்து பின் போல்ட்டுகளைக் கழற்றி, கேலிப்பரை இழுத்து எடுத்து, கட்டுக்கம்பியில் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். பேடுகளை எடுத்து, பேடு உட்காரும் பிராக்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். பேடு அங்கே தடையில்லாமல் சறுக்க வேண்டும். மேலூர் பக்கம் குவாரி ரோடுகளில் ஓடும் வண்டிகளின் பிராக்கெட்டில் தூசி கல்லாக இறுகியிருக்கும், பொறுமையாகச் சுரண்டுங்கள்.

புதியதை மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கடைசியாக ஒருமுறை ஒப்பிடுங்கள். பிராக்கெட், பேடு, கேலிப்பர், பின் போல்ட்டுகள் என்ற வரிசையில் மாட்டி, கடைசியில் ஹோஸ். ஹோஸைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டுவதற்கு இடையில் ஆயில் சொட்டும். ரிசர்வாயர் (பிரேக் ஆயில் ஊற்றும் டப்பா) மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கி மூடியிருந்தால் சொட்டு குறையும். ஹோஸைக் குறட்டால் நசுக்கி நிறுத்தாதீர்கள். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி, ஹோஸ் முறுக்கவில்லை, எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். இறுக்கும் அளவுகள் உங்கள் வண்டிக் கையேட்டில் இருப்பதுதான் சரி. சின்னக் கார்களில் ஹோஸ் போல்ட் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான். பிராக்கெட் போல்ட் அதைவிடப் பல மடங்கு. கை பலத்தை மாற்றிக் காட்டினால் ஒன்று மரை போகும், மற்றது கழன்று போகும்.

பழைய காப்பர் வாஷர் நல்லாத்தான் இருக்கு, அதையே போடட்டுமா?

வேண்டாம். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுபடி அதே மாதிரி நசுங்காது. ஹோஸின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, இரண்டும் புதியது. இதில் மிச்சம் பிடிக்கும் காசுக்கு டீகூட வராது.

பேடும் டிஸ்க்கும் சேர்த்து மாத்தணுமா?

பேடில் உரசும் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். ஆயிலோ கிரீஸோ குடித்த பேடு தடிமனாக இருந்தாலும் குப்பைக்குத்தான். கழுவிக் காயவைத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பல டிஸ்க்குகளில் ஓரத்திலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவுவதிலும் அர்த்தமில்லை.

கிரீஸ் எங்க போடணும், எங்க போடக் கூடாது?

பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ், மெல்லிய பூச்சாக. பேடின் காதுகள் பிராக்கெட்டில் சறுக்கும் இடத்தில் ஒரு பொட்டு. பேடின் உரசும் முகத்திலும் டிஸ்க்கிலும் மூச்சுக்கூடப் படக் கூடாது. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் பின்னுக்குப் போட்டால் அதன் ரப்பர் வீங்கி, எந்த ஜாமைத் தீர்க்க வந்தோமோ அதே ஜாம் திரும்பும்.

நம்ம மெக்கானிக் எல்லாத்தையும் பெட்ரோல்லதான் கழுவுறாரு. அது தப்பா?

இரும்பு டிஸ்க்கையும் பிராக்கெட்டையும் கழுவினால் சேதமில்லை, ஆவியான பிறகு. சீல், டஸ்ட் கவர், ஹோஸ், கேலிப்பர் உள்பக்கம் இவற்றில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் படக் கூடாது. பிரேக் சீல் ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிப் பெருத்துவிடும். பிரேக் கிளீனர் இல்லையென்றால் உள்பக்கத்தைப் புதுப் பிரேக் ஆயிலாலேயே கழுவலாம். வயதில் மூத்த மெக்கானிக்கிடம் வாதாடவும் முடியாது. நான் ஒரு பாட்டில் கிளீனரை வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

டாட் 3, டாட் 4ன்னு போட்டிருக்கே, எதை ஊத்துறது?

ரிசர்வாயர் மூடியில் எழுதியிருப்பதை. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கிளைகால் வகை. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸிலும் டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் குடித்த பிறகு அதே எண்கள் 140, 155 என்று இறங்கிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், திறந்து வைத்த பாட்டிலை மறு வருடம் எடுக்கக் கூடாது என்கிறார்கள்.

டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான். மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது கிளைகால்தான்.

ஏர் எடுக்கிறதை விளக்கமா சொல்லுங்க. அதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க.

ஹோஸைக் கழற்றியபோது உள்ளே போன காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. பெடலில் ஒருவர், நிப்பிளில் ஒருவர். வீட்டில் உள்ளவர்களே போதும், மூன்று சொல்லுக்குள் பழகிவிடலாம்: மிதி, பிடி, விடு. டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியபடி. பெடலை மெதுவாக மூன்று நான்கு முறை மிதித்து, கடைசி மிதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் குமிழோடு ஆயில் வரும், பெடல் கீழே இறங்கும். பெடல் நிற்பதற்குள் நிப்பிளை மூடி, மூடிய பிறகே காலை விடச் சொல்ல வேண்டும். முதலில் கால் எழும்பினால் வெளிக்காற்று உள்ளே போகும். குமிழ் இல்லாமல் தெளிந்த ஆயில் வரும்வரை இதையே செய்யுங்கள்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ரிசர்வாயர் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. போனால் மாஸ்டர் சிலிண்டரிலேயே காற்று ஏறிவிடும். அடுத்தது, பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே, சீல் இத்தனை வருடமாகப் போகாத கடைசிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த அன்றே போய்விட்டது என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள்.

முன்பக்கம் மட்டும் திறந்து, ரிசர்வாயரும் காலியாகவில்லை என்றால் முன்பக்கம் இரண்டுக்கு மட்டும் ஏர் எடுத்தால் போதும். ஆயிலை முழுவதும் மாற்றுகிறீர்கள் என்றால், மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் பக்கம் இருக்கும் நம் ஊர் வண்டிகளில் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். சில மாடல்களுக்கு வரிசை வேறு, கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

கூட ஆள் யாரும் இல்லைன்னா?

ரிசர்வாயர் மூடியைத் திறந்து வைத்து, நிப்பிளையும் திறந்து, டியூபை மாட்டிவிட்டுக் காத்திருங்கள். ஆயில் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக இறங்கிக் காற்றைத் தள்ளும். நேரம் பிடிக்கும், ரிசர்வாயரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கேலிப்பரைக் கட்டையால் லேசாகத் தட்டினால் ஒட்டிய குமிழ்கள் மேலே வரும். மாஸ்டரில் காற்று ஏறியிருந்தால் இந்த முறை போதாது.

ஏர் எடுத்தாச்சு, அப்பவும் பெடல் பஞ்சு மாதிரி போகுது. மூணு பாட்டில் ஆயில் தீர்ந்துபோச்சு.

நான்காவது பாட்டிலை வாங்காதீர்கள். முதலில் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கடைக் கேள்வியில் சொன்ன இடது வலது மாற்றம்தான் இந்தப் புகாருக்குப் பின்னால் அடிக்கடி இருக்கும். மாறியிருந்தால் கேலிப்பர்களை இடம் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அது சரியாக இருந்தால் பெடலிடமே கேளுங்கள். வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்ததும் உயரே வந்து கெட்டியானால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது அல்லது பின்சக்கர டிரம்மில் இடைவெளி அதிகம். டிரம் அட்ஜஸ்ட் செய்யாமல் முன்பக்கமே குடைந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். கால் அழுத்தியபடி இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. இதோடு வண்டியை ஓட்டக் கூடாது. மிதிக்கும்போது ரப்பர் ஹோஸ் கண்ணுக்குத் தெரிய உப்பினால் ஹோஸை மாற்றுங்கள்.

வேலை முடிஞ்சு முதல் மிதி மிதிச்சா பெடல் உள்ளேயே போயிடுச்சு. பயந்தே போயிட்டேன்.

பேடு டிஸ்க்கைத் தொடும் தூரத்துக்குப் பிஸ்டன் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வண்டியை அசைக்கும் முன், சக்கரம் மாட்டியதும், இன்ஜின் போடாமலே பெடல் கெட்டியாகும்வரை குறுகிய மிதிகளாக மிதியுங்கள். இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்துக் காம்பவுண்டு சுவரில் முட்டியவர்களை நான் அறிவேன். பிறகு ரிசர்வாயர் அளவு, ஹோஸ் போல்ட்டில் கசிவு, வீல் நட்டு என்று பார்த்துவிட்டுத்தான் சாவி.

ஓட்டிப் பார்க்க எங்க போறது? ரிங் ரோடு போகட்டுமா?

வேண்டாம், அங்கே லாரிகளின் வேகத்துக்கு நடுவில் சோதனை செய்ய முடியாது. காலை வேளையில் வெறிச்சென்று இருக்கும் ஏதாவது லே அவுட் ரோடு போதும். நடை வேகத்தில் ஒருமுறை, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். புதுப் பேடு என்றால் 50-லிருந்து 15-க்குக் குறைக்கும் நடுத்தர அழுத்தத்தில் பத்துப் பதினைந்து முறை, நடுவே ஆற விட்டு ஓட்டுங்கள். கடைசியில் பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள், சூட்டில் பேடு டிஸ்க்கில் தடம் பதிக்கும். வீடு வந்ததும் இரண்டு ரிம்மின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

வர்ற ஞாயித்துக்கிழமை கொடைக்கானல் போறோம். சனிக்கிழமை மாத்திடலாமா?

மாற்றலாம், ஆனால் போகாதீர்கள். மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். இறங்கும்போது அந்த 2,000 மீட்டரும் பிரேக்கில் சூடாக மாறப் பார்க்கும். ஈரம் குடித்த பழைய ஆயில் கேலிப்பரில் கொதித்து ஆவியானால் பெடலுக்குக் கீழே எதுவும் இருக்காது. மாற்றிய வண்டியை ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டி, கசிவில்லை, இழுப்பில்லை என்று உறுதியான பிறகு மலைக்குப் போங்கள். பழைய ஆயிலோடு போகாதீர்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மாமா, என் வண்டி பதினஞ்சு வருஷம் தாண்டிடுச்சு, அடுத்த மாசம் எஃப்சி. கேலிப்பர் மாத்தினதைச் சொல்லணுமா?

அதே அளவு, அதே வகை உதிரிபாகம் மாற்றுவது வண்டியை மாற்றி அமைப்பது ஆகாது. ஆர்சியில் ஏற்ற வேண்டியதில்லை. சொந்தக் காருக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது பிரேக்கைப் பார்ப்பார்கள். அதனால் முந்தின நாள் மாற்றாமல் ஓரிரு வாரம் முன்பே மாற்றி ஓட்டிவிடுங்கள்.

என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு. பின்னாலயும் டிஸ்க். இதெல்லாம் பொருந்துமா?

ரிசர்வாயர் காலியாகாதவரை ஏபிஎஸ் வண்டியிலும் பெரும்பாலும் இதே முறைதான். சென்சார் ஒயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டு அதன் பம்பை ஓடவிட்டால்தான் வெளியே வரும், அது வீட்டு வேலை இல்லை.

பின்சக்கர கேலிப்பரிலேயே கை பிரேக்கும் சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகு உடையும், அதோடு அந்தக் கேலிப்பர் போச்சு.

சீல் கிட் விலை கம்மி. நானே வாங்கி ரீபில்ட் பண்ணிட்டா என்ன?

தாராளமாக. கேலிப்பர் மாற்றத் தெரிந்தவருக்கு இது அடுத்த படி. பிஸ்டனை வெளியே எடுப்பதுதான் கஷ்டமும் ஆபத்தும். கேலிப்பர் வண்டியில் ஹோஸோடு இருக்கும்போதே, அதைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டு வைத்து, பெடலை மெதுவாக மிதித்து வெளியே தள்ளுவது பாதுகாப்பு. பஞ்சர் கடைக் காற்றை அடித்துத் தள்ளினால் பிஸ்டன் குண்டு மாதிரி வரும், நடுவில் விரல் இருந்தால் விரல் போகும்.

பிஸ்டனின் முலாம் பூசிய மேற்பரப்பில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் குழி இருந்தால் பிஸ்டன் மாற்ற வேண்டும். உப்புத்தாள் போட்டால் முலாம் போய்ச் சீக்கிரமே துரு ஏறும். சீல் உட்காரும் பள்ளத்தில் படிந்த துருவை மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அந்தப் பள்ளத்தில் துரு மிச்சம் இருந்தால் புதுச் சீலும் பிதுங்கி நின்று பிஸ்டனை இறுக்கும். சீலையும் பிஸ்டனையும் புதுப் பிரேக் ஆயிலில் நனைத்துக் கையாலேயே அழுத்தி ஏற்றுங்கள். கையால் நேராகப் போகவில்லை என்றால் கோணலாக இருக்கிறது, தட்டாதீர்கள்.

எப்போ விட்டுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடணும்?

நிப்பிள் உள்ளே உடைந்தால். போல்ட் தலை உருண்டால். கேலிப்பருக்கு வரும் இரும்புக் குழாயில் துரு பொரிந்திருந்தால். பிராக்கெட் மரை போனால். பெடல் ஏன் இறங்குகிறது என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால். இதில் எதுவாக இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது கட்டி இழுக்காமல் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

கழட்டின பழைய கேலிப்பரையும் ஆயிலையும் என்ன பண்றது?

கேலிப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். ரீபில்ட் தரும் கடைகள் பழையதைத் திரும்பக் கொடுத்தால் விலையில் குறைத்துக்கொள்வது வழக்கம். ஹோஸ் துளையைத் துணியால் அடைத்து, பிஸ்டனோடும் பிராக்கெட்டோடும் முழுதாகக் கொண்டுபோனால்தான் அந்த மதிப்பு. ஆயிலைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாமல், மூடி போட்ட பாட்டிலில் பெயர் எழுதி, பழைய இன்ஜின் ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கொடுங்கள். இன்ஜின் ஆயில் டப்பாவில் கலந்துவிட்டால் வாங்க மாட்டார்கள்.